ஆர்பிஜி கேம்களில் கம்பானியன் எழுத்தை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எந்த ஆர்பிஜி-யில் (ஒரு கதாபாத்திரமாக வாழ்ந்து விளையாடும் ரோல்-பிளேயிங் கேம்) கம்பானியன்கள், அதாவது உங்கள் கூடவே வரும் துணைக் கதாபாத்திரங்கள், நன்றாக எழுதப்பட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஒருவர் டிராகன் ஏஜின் மோரிகன் என்பார், இன்னொருவர் பால்டர்ஸ் கேட் 3-இன் அஸ்டாரியன் என்பார், மூன்றாவதாக ஒருவர் வந்து பிளேன்ஸ்கேப் வெளியான 1999-க்கு அப்புறம் யாருமே ஒழுங்காக எழுதவில்லை என்பார், அதோடு முடிந்தது. யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். அந்த எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் கடைசிவரை பேசப்படாமலே போகும். எனக்கு இந்த விஷயம் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கேம்களில் இருக்கும் எழுத்திலேயே மிகவும் கஷ்டமானது கம்பானியன் எழுத்துதான்: அந்தக் கதாபாத்திரம் நாற்பது ஐம்பது மணி நேரம் உங்கள் பக்கத்திலேயே நடக்க வேண்டும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதியவருக்குத் தெரியாது, ஆனாலும் அந்த ஆள் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பானியனை எடைபோட சரியான இடம் அவர் உங்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லும் இடம். அழகான வசனம், நல்ல குரல், சோகமான பின்கதை எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நீங்கள் எதைச் செய்தாலும் தலையாட்டிக்கொண்டு கூட வருகிறவருக்கு அதெல்லாம் இருந்து என்ன பயன்? கீழே வரும் படிகள் எல்லாமே அந்த இடத்தை நோக்கித்தான் போகின்றன. ஸ்பாய்லர்கள் (கதையை முன்கூட்டியே போட்டு உடைக்கும் விவரங்கள்) நிறைய உண்டு. பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், கோட்டோர் 2 (ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2), டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ், ஃபால்அவுட்: நியூ வேகாஸ், டிஸ்கோ எலிசியம், பால்டர்ஸ் கேட் 3 ஆகியவற்றை இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் முதலில் விளையாடிவிட்டு வாருங்கள்.

படி 1: கேமை விடுங்கள், ஆளை எடுங்கள்

‘டிஸ்கோ எலிசியமா, பால்டர்ஸ் கேட் 3-ஆ’ என்று கேட்டால் பதிலே வராது. இரண்டும் ஆர்பிஜி என்பதைத் தவிர, எழுதப்பட்ட முறையில் ஒற்றுமை குறைவு. டிஸ்கோவில் கிட்டத்தட்ட முழு கேமும் துப்பறிவாளரான உங்களோடு இருப்பவர் சக துப்பறிவாளர் கிம் கிட்சுராகி ஒருவர்தான், எழுத்தாளர்கள் தங்கள் கவனத்தை எல்லாம் அவர்மேல் வைக்க முடியும். பால்டர்ஸ் கேட் 3-இல் லேஸெல், ஷேடோஹார்ட், அஸ்டாரியன், கேல், வில், கார்லாக் என்று ஆறு பேர், அப்புறம் வந்து சேர்கிற ஹால்சின், மின்தாரா, ஜஹீரா, மின்ஸ்க் வேறு. இவர்களில் பெரும்பாலோரை நீங்கள் சந்திக்காமலே போகலாம், பாதியில் விரட்டலாம், கொன்றேகூடப் போடலாம். அதனால் கதையின் முக்கியமான செய்தி எதையும் ஒருவர் வாயில் மட்டும் வைக்க முடியாது. அவர் இல்லாவிட்டாலும் கதை ஓட வேண்டும் அல்லவா? இந்தக் கட்டுப்பாட்டை மனதில் வைக்காமல் கிம்மையும் வில்லையும் பக்கத்தில் நிறுத்தி ‘வில் சப்பை’ என்று சொல்வது நியாயமில்லை.

எனவே ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரை எடுங்கள். குரு வேலை என்றால் கோட்டோர் 2-இன் கிரேயாவும் பிளேன்ஸ்கேப்பின் டக்கானும். ரகசியத்தை மறைப்பவர் என்றால் நியூ வேகாஸின் பூனும் பால்டர்ஸ் கேட் 3-இன் ஷேடோஹார்ட்டும். வேலை ஒன்றாக இருந்தால்தான் இரண்டு எழுத்தாளர்களும் அதை எப்படி முடித்தார்கள் என்பது தெரியவரும்.

இன்னொன்று, சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு வராதீர்கள். பிளேன்ஸ்கேப்பில் சுமார் 8 லட்சம் சொற்கள், டிஸ்கோவில் 10 லட்சத்துக்கும் மேல் என்று சொல்வார்கள். அது எவ்வளவு உழைத்தார்கள் என்பதற்குக் கணக்கு, அவ்வளவுதான்.

படி 2: விளையாடும் முன் செய்ய வேண்டியவை

சப்டைட்டிலைப் போடுங்கள். இந்த கேம்கள் எதுவும் தமிழில் வருவதில்லை, நாம் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் கேட்கிறோம், அதிலும் ஒவ்வொரு கதாபாத்திரமும் ஒவ்வொரு வட்டார உச்சரிப்பில் பேசும்போது பாதி வசனம் காதில் விழாமல் போய்விடும். எழுத்தை எடைபோட வேண்டுமானால் அது கண்ணில் பட வேண்டும். நடிகரின் குரல் ஓடும் வேகத்துக்கு நீங்கள் ஓட வேண்டாம், படித்து முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

முக்கியமான உரையாடல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனி சேவ். குவிக்சேவ் போதாது, அது அடுத்த தடவை அழிந்துவிடும். சேவுக்குப் பெயர் வைக்க முடிந்தால் ‘கிரேயா, பிச்சைக்காரன்’ என்பதுபோல வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. போனில் டைப் செய்தாலும் சரி, ஆனால் கேமுக்குள் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், முடித்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் உங்களுக்குப் பிடித்தது மட்டும்தான் மிஞ்சும்.

எந்தப் பதிப்பை விளையாடுகிறீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். சிறிய விஷயம்போலத் தெரியும், ஆனால் இதனால்தான் பாதி சண்டை வருகிறது. 2004-இல் வந்த கோட்டோர் 2 அவசரமாக வெளியானது, நிறைய காட்சிகள் வெட்டப்பட்டன, பிறகு ரசிகர்கள் அவற்றை மீட்டு மாட் (கேமை மாற்றும் கூடுதல் கோப்பு) ஆகச் சேர்த்தார்கள். மாட் போட்டு விளையாடியவரும் போடாமல் விளையாடியவரும் வேறு வேறு கடைசிப் பகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். டிஸ்கோ 2019-இல் வந்தபோது எல்லா வரிக்கும் குரல் கிடையாது, 2021-இன் ஃபைனல் கட் என்ற பதிப்பில்தான் முழுக்கக் குரல் வந்தது. பால்டர்ஸ் கேட் 3 வந்தது 2023 ஆகஸ்டில், கம்பானியன்கள் மறுபடி கூடும் அந்த எபிலாக் (முடிவுக்குப் பிந்தைய காட்சி) அதே வருஷக் கடைசியில் ஒரு பேட்சில், அதாவது புதுப்பிப்பில், சேர்ந்தது. முதல் மாதமே முடித்தவர் ‘முடிவில் கம்பானியன்களை அம்போ என்று விட்டுவிட்டார்கள்’ என்று சொன்னால் அவர் சொல்வதும் சரிதான்.

படி 3: பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள்

ஒரு கம்பானியனின் ஐந்தாறு வரிகளை நோட்டில் எழுதுங்கள். கதைக்குத் தேவையான செய்தி இல்லாத, சும்மா பேசுகிற வரிகளாக இருக்கட்டும். பக்கத்தில் அதே கேமின் இன்னொரு கம்பானியனின் வரிகள். இப்போது பெயரை மறைத்தால் யார் பேசுவது என்று தெரிகிறதா?

இது பழைய சோதனை, பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கோட்டோரின் எச்கே-47 என்ற ரோபோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இது கேள்வி, இது கூற்று என்று ஒரு தலைப்பைச் சொல்லிவிட்டுத்தான் பேசும். மனிதர்களை இறைச்சிப் பை என்று அழைக்கும். மாஸ் எஃபெக்ட் 2-இன் விஞ்ஞானி மார்டின் ‘நான்’ என்பதையே விழுங்கிவிட்டு உடைந்த வாக்கியங்களாக விறுவிறுவென்று பேசுவார். இருவரையும் யாரும் கண்டுபிடித்துவிடலாம். அது மட்டுமே எழுத்தின் பலம் ஆகாது, பேச்சில் ஒரு முத்திரையை வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள்.

ஆகவே இரண்டாவதாக ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு பேரும் ஒரே அறைக்குள் நுழைந்தால் யார் எதைக் கவனிப்பார்கள்? மார்டின் இதிலும் தேறுகிறார். குரோகன் இனத்தின் பிறப்பையே முடக்கிய ஜெனோஃபேஜ் என்ற நோயில் அவருக்கே பங்கு உண்டு. குரோகன்களின் கிரகமான துச்சங்காவில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கும்போது, சோதனைக்கு ஆளாகி இறந்துகிடக்கும் குரோகன் பெண்ணைப் பார்த்ததும் அவர் பேச்சின் வேகமே மாறுகிறது. கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர் நின்று பிரார்த்தனை செய்கிறார். முத்திரை அப்படியே இருக்க உள்ளே இருக்கும் மனிதர் தெரிகிறார். ஒப்பிடும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள், பேசும் விதம் ஒரு பக்கம், கவனிக்கும் விதம் இன்னொரு பக்கம்.

படி 4: உங்கள் பக்கத்துப் பதில்களைப் படியுங்கள்

கம்பானியன் எழுத்து என்றால் கம்பானியன் பேசுவது மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். அவரிடம் நீங்கள் என்ன சொல்ல முடியும் என்பதும் அதே எழுத்தின் பாதிதான். கேள்வி மோசமாக இருந்தால் எவ்வளவு நல்ல பதிலும் தொங்கிக்கொண்டு நிற்கும்.

பிளேன்ஸ்கேப்பில் சில இடங்களில் ஒரே வாக்கியம் பட்டியலில் இரண்டு தடவை வரும், ஒன்றுக்கு முன்னால் உண்மை என்றும் மற்றொன்றுக்கு முன்னால் பொய் என்றும் போட்டிருக்கும். எதிரே இருப்பவர் காதில் விழுவது ஒரே சொற்கள்தான். ஆனால் சொன்ன சொல்லை நீங்கள் காப்பாற்றப் போகிறீர்களா இல்லையா என்பதை அந்த நிமிஷமே உங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். 25 வருஷம் கடந்த பிறகும் இதை மிஞ்சிய ஒரு டயலாக் பட்டியலை நான் பார்க்கவில்லை.

மாஸ் எஃபெக்ட் வேறு வழியில் போனது. பதில்கள் வட்டமாக நிற்கும் சக்கரத்தில் இரண்டு மூன்று சொற்களில் சுருக்கம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் இயக்கும் ஷெப்பர்ட் முழு வாக்கியத்தைப் பேசுவார். பேச்சு சினிமாபோல ஓடும், உண்மைதான். ஆனால் நீங்கள் நினைத்தது ஒன்று, ஷெப்பர்ட் சொன்னது ஒன்று என்று ஆகிவிடும் இடங்கள் உண்டு. ஃபால்அவுட் 4 இதை இன்னும் சுருக்கி எப்போதும் நான்கே பதில்கள் என்று வைத்தது. அங்கே நிக் வாலன்டைன் மிக நல்ல கதாபாத்திரம், ஆனால் அவரோடு பேச உங்களுக்குக் கிடைக்கும் சொற்கள் அவர் தரத்துக்கு இல்லை. அதே தொடரின் நியூ வேகாஸில் முழு வாக்கியமும் முன்னாலேயே தெரியும்.

செய்ய வேண்டியது சுலபம். ஒரு உரையாடலை எடுத்து, சேவிலிருந்து திரும்பத் திரும்ப ஏற்றி, எல்லாப் பதில்களையும் சொல்லிப் பாருங்கள். மூன்று பதிலுக்கும் கம்பானியன் ஒரே வரியைத் திருப்பிச் சொன்னால் அதைக் குறியுங்கள், அது குற்றம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அவர் நீங்கள் சொல்வதைக் காதில் வாங்காத ஆள் என்றால் அதுவேகூடச் சரியாக இருக்கும். அடுத்த தடவை பேசும்போது நீங்கள் இப்போது சொன்னதை அவர் நினைவில் வைத்திருக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

படி 5: நடந்துகொண்டே கேளுங்கள்

உங்களை விட்டுவிட்டுக் கம்பானியன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேன்டர். பார்ட்டியில் (கூட வரும் குழுவில்) ஒரே ஆட்களை வைத்துக்கொண்டு முடித்துவிட்டால் இதில் பெரும்பகுதியைக் கேட்கவே மாட்டீர்கள். ஒப்பிட எடுத்த ஆளை அவருக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத ஒருவரோடு சேர்த்துக் கூட்டிப் போங்கள்: ஆரிஜின்ஸில் அலிஸ்டரையும் மோரிகனையும், பால்டர்ஸ் கேட் 3-இல் லேஸெலையும் ஷேடோஹார்ட்டையும். இந்தப் பின்னவர்களின் பகை இரவில் கேம்பில் ஒருவர் கழுத்தில் ஒருவர் கத்தி வைக்கும் அளவுக்குப் போகும். பழைய பால்டர்ஸ் கேட் 2-இல் கெல்டார்னையும் விகோனியாவையும் சேர்த்தே வைத்திருந்தால் ஒருநாள் உண்மையாகவே ஒருவரை ஒருவர் கொல்லப் பாய்வார்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் இவர்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும்.

படி 6: அவருக்குப் பிடிக்காததைச் செய்யுங்கள்

இதற்குத்தான் தனி சேவ் வைக்கச் சொன்னேன். இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள், வழக்கமாக நீங்கள் நல்லவராக விளையாடுகிறவர் என்றால் மனசு கஷ்டமாகவும் இருக்கும், ஆனாலும் செய்தாக வேண்டும்.

அலிஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஆரிஜின்ஸில் ஒவ்வொரு கம்பானியனுக்கும் -100 முதல் +100 வரை ஒரு அப்ரூவல் அளவு (உங்களை எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு) உண்டு, பரிசுப்பொருள் கொடுத்தே அதை ஏற்றிவிடலாம், அதில் எனக்கு நிறைய குறை உண்டு. ஆனால் லோகெய்னை நீங்கள் மன்னித்து, நீங்களும் அலிஸ்டரும் இருக்கும் கிரே வார்டன் வீரர் படையில் சேர்த்தால் அலிஸ்டர் போய்விடுவார். அளவு +100-இல் இருந்தாலும் போய்விடுவார். அவருக்குத் தந்தைபோல இருந்த டங்கனை ஆஸ்டகார் போரில் சாகவிட்டுப் போனவன் லோகெய்ன். அத்தனை மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வந்த ஆள், உங்களைப் பிடிக்கும் என்பதற்காகவே இன்னும் அதிகக் கோபத்தோடு வெளியேறுகிறார். புள்ளிக் கணக்கை எழுத்து தூக்கி எறிகிற இடம் இது.

கிரேயா இப்படிக் கோபித்துக்கொண்டு விலகிப் போகமாட்டார், அவர் வேறு மாதிரி மறுப்பார். நார் ஷாடாவில் ஒரு பிச்சைக்காரன் உங்களிடம் காசு கேட்பான். கொடுத்தால், கிரேயா அதன் விளைவைக் காட்டுவார்: காசு வாங்கியவனை வேறொருவன் அடித்துப் பிடுங்குகிறான். சரி என்று சேவை ஏற்றி, கொடுக்காமல் விரட்டினால் அதற்கும் ஒரு காட்சி: விரட்டப்பட்டவன் போய் இன்னொருவனைத் தாக்குகிறான். இரண்டு தடவையும் கிரேயா உங்களைக் கண்டிக்கிறார். ஒரே ஒரு தடவை விளையாடுகிறவர் கிரேயா தர்மத்துக்கு எதிரி என்றோ கொடுமைக்கு எதிரி என்றோ நினைத்துக்கொள்வார். இரண்டையும் பார்த்தால்தான் அவர் எதிர்ப்பது யோசிக்காமல் செய்வதை என்பது புரியும். நன்மை, தீமை என்று இரண்டே முனைகள் கொண்ட மீட்டர் வைத்த ஸ்டார் வார்ஸ் கேமுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த மீட்டரையே கேள்வி கேட்கும் கதாபாத்திரம். இதை எழுதியவர்களுக்குப் பெரிய தைரியம்.

கிம்மின் மறுப்பு இன்னும் சன்னமானது. தூக்கில் தொங்கிய பிணத்தை ஆராய்ந்தாக வேண்டிய இடத்தில் நீங்கள் வாந்தி எடுத்து, உளறி, கேசுக்குச் சம்பந்தமில்லாத தத்துவம் பேசிக்கொண்டிருந்தால் அவர் கத்துவதில்லை. ஒரு நொடி நிறுத்துவார், நோட்டில் ஏதோ எழுதுவார், கேசை நினைவுபடுத்துவார். திரையில் எந்தப் புள்ளியும் குறைந்ததாகக் காட்டாது. ஆனால் அந்த நிறுத்தம் உங்களைச் சுடும். அவர் கொஞ்சம் தளர்கிற இடங்களும் உண்டு, அதில் ஒன்று மாலையில் பிடிக்கும் ஒரே சிகரெட், ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று தனக்குத்தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. தனக்கே வரம்பு வைத்துக்கொள்ளும் ஆள் என்பது தெரிந்துவிட்டதால், அவர் உங்கள் கூத்துக்கு எப்போதாவது ஒரு தடவை ஒத்துழைக்கும்போது அது பெரிய பரிசாகத் தெரிகிறது.

மாஸ் எஃபெக்டின் குரோகன் வீரர் ரெக்ஸையும் இங்கே சேர்க்கலாம். விர்மயர் கிரகத்தில் அவர் துப்பாக்கியை நீட்டும்போது பேச்சுத் திறன் போதுமான அளவு இருந்தால் சமாதானப்படுத்தலாம், இல்லாவிட்டாலும் முன்பே அவர் குடும்பத்துக் கவசத்தை மீட்டுக் கொடுத்திருந்தால் அது கைகொடுக்கும், இரண்டும் இல்லையென்றால் அவர் உயிரோடு திரும்பமாட்டார். எப்போதோ செய்த உதவி, அதைப் பற்றி யாருமே பேசாத நேரத்தில் வந்து நிற்கிறது.

குறித்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவ்வளவுதான். மறுக்கிறாரா? மறுப்பு அவருடைய கதையிலிருந்து வருகிறதா, இல்லை பொதுவான ‘கெட்டது செய்யாதே’ வகையா? அதற்கு ஒரு விலை இருக்கிறதா, அந்த விலையைக் கொடுப்பது யார்?

படி 7: புள்ளிக் கணக்கு எழுத்தை என்ன செய்கிறது

சுருக்கமாகவே சொல்கிறேன். அப்ரூவல் ஏறியது இறங்கியது என்று திரை சொல்லும்போது, நீங்கள் அந்த ஆளோடு பேசுவதை நிறுத்திவிட்டு எண்ணோடு பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். பால்டர்ஸ் கேட் 3-க்கு இது பெரிய சுமை, நல்ல வசனத்தின் மேலேயே அந்த அறிவிப்பு வந்து உட்காருகிறது. டிராகன் ஏஜ் 2 (2011) இதற்கு நல்ல வழி ஒன்று கண்டுபிடித்தது, நட்பு ஒரு முனை, போட்டி மறு முனை. உங்களோடு ஒத்துப்போகாதவரும் உங்களை மதித்துக் கூடவே இருப்பார், அவரோடு நடக்கும் உரையாடல் மட்டும் வேறாகும். ஏனோ அடுத்த பாகத்தில் அதைக் கைவிட்டார்கள், எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான். டிரனி (2016) விசுவாசம், பயம் என்று இரண்டு அளவுகளைத் தனித்தனியாக வைத்தது, ஒருவர் உங்களை நேசித்துக்கொண்டே பயப்படலாம். கொடுங்கோலனுக்கு வேலை பார்க்கும் கதைக்கு அது கச்சிதம்.

ஒரு ஜோடியை முழுசாகப் பார்ப்போம்: பூன், ஷேடோஹார்ட்

இருவருடைய வேலையும் ஒன்று: உங்களிடம் ஒரு ரகசியத்தை மறைப்பது, பிறகு அதைக் கொடுப்பது.

பூன் இருப்பது நோவாக் என்ற ஊரில், டைனோசர் பொம்மையின் வாய்க்குள். இரவுக் காவல், ஸ்னைப்பர். அவர் மனைவி கார்லாவை யாரோ லீஜியன் என்ற, அடிமைகளை வைத்திருக்கும் படைக்கு அடிமையாக விற்றுவிட்டார்கள், விற்றது யார் என்று கண்டுபிடித்து டைனோசருக்கு முன்னால் கூட்டி வந்து, தான் கொடுக்கும் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மனைவி உயிரோடு இல்லை என்பது தனக்குத் தெரியும் என்கிறார், எப்படி என்று கேட்டால் பேச்சை வெட்டிவிடுகிறார். மோட்டல் அலுவலகத்தின் பெட்டகத்தில் விற்பனைப் பத்திரம் கிடைக்கும். அதைக் கண்டிப்பாக முழுக்கப் படியுங்கள். அது அலுவலக மொழியில், மரியாதையாக, பிசகில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது, கார்லாவின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறது. பூன் இதைப் பற்றி உங்களிடம் சொல்லவே இல்லை. ஒரு கம்பானியனைப் பற்றிய மிகக் கொடூரமான செய்தி அவர் வாயிலிருந்து வராமல் ஒரு தாளிலிருந்து வருகிறது, அதனால் நீங்கள் மறுபடி அவரைப் பார்க்கும்போது அவர் சுருக்கமாகப் பேசுவதன் காரணமே மாறிப்போகிறது. மாட்டிக்கொள்கிறவர் மோட்டல் நடத்தும் ஜீனி மே, ஊரிலேயே அன்பாகப் பேசுகிற அம்மா. கார்லாவைச் சுட்டது தானேதான், அடிமைச் சந்தையில் அவளைப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் தூரத்திலிருந்து சுட்டதாக அவர் சொல்வது இன்னும் வெகு நேரம் கழித்து.

அவர் நம்பிக்கையைச் சம்பாதிப்பதும் பேச்சால் நடப்பதில்லை. லீஜியனுக்கு எதிராக நீங்கள் உலகத்தில் செய்யும் காரியங்களைக் கேம் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே இருக்கும், திரையில் காட்டாது. லீஜியனோடு நல்ல பெயர் எடுத்தால் அவர் உங்களோடு இருக்கமாட்டார். லீஜியன் முகாமான காட்டன்வுட் கோவுக்குக் கூட்டிப் போனால் பேச்சுவார்த்தை என்பதே கிடையாது, கண்ட இடத்தில் சுடுவார். ‘மாட்டேன்’ என்பது அவர் வசனத்தில் இல்லாமல் கையில் இருக்கிறது.

ஷேடோஹார்ட்டிடம் நேர் எதிர். அவர் மறைப்பது ஷார் என்ற இருளின் தெய்வத்தை வணங்குவதை. தன் நினைவுகளைத் தானே சம்மதித்து அழிக்கவிட்டதாகச் சொல்கிறார், கையில் ஒரு காயம் அவ்வப்போது எரிந்து வலிக்கிறது. இவர் பேசுகிறார், நிறையப் பேசுகிறார், கிண்டல் செய்கிறார், ஒவ்வொரு இரவும் கேம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறக்கிறார். அவருக்கே தன் ரகசியம் முழுக்கத் தெரியாது என்பதுதான் இந்த எழுத்தின் நல்ல யோசனை: ஷாரின் எதிரியான செலூனேயை வணங்கிய பெற்றோரிடமிருந்து சின்ன வயசிலேயே பறிக்கப்பட்டவர் அவர். நீங்களும் அவரும் ஒன்றாகத்தான் கண்டுபிடிக்கிறீர்கள். குறை என்று சொன்னால் கேம்பை நம்பியிருப்பது. அடிக்கடி தூங்கப் போகாதவருக்குக் காட்சிகள் குவிந்து, ஒரே இரவில் எல்லோர் தலைக்கு மேலும் ஆச்சரியக்குறி நிற்கும், சில காட்சிகள் வராமலே போகும்.

அப்புறம் நைட்சாங். ஷாரின் ஈட்டியோடு ஷேடோஹார்ட் நிற்கிறார், எதிரே ஷாருக்காகக் கொல்லப்பட வேண்டிய நைட்சாங். நீங்கள் தடுத்துப் பேசலாம், தூண்டலாம். மூன்றாவதாக ஒன்றும் செய்யலாம்: முடிவு உன்னுடையது என்று விலகி நிற்கலாம். அதுவரை அவர் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தால், நீங்கள் வாயே திறக்காமல் அவரே கொல்லாமல் ஈட்டியைத் தூர எறிந்துவிடுவார். இத்தனை நேரம் வாழ்க்கை முழுக்க யாரோ ஒருவர் கட்டளைப்படி நடந்த பெண்ணுக்கு, கட்டளையிடாமல் இருப்பதே பிளேயர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்று ஒரு கேம் சொல்கிறது. மற்ற இரண்டு பதில்களையும் சேவிலிருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு இதைக் கடைசியாகப் பாருங்கள், வித்தியாசம் உடம்பில் தெரியும்.

பூனின் கதை முடியும் பிட்டர் ஸ்பிரிங்ஸில் இது இல்லை. அங்கே அவர் கட்டளைப்படி நிரபராதிகளைச் சுட்ட பழைய நாளைப் பற்றிப் பேசுகிறார், இரவு முழுக்க அங்கேயே தங்குகிறீர்கள், லீஜியன் தாக்குகிறது. பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இனி எப்படி வாழ வேண்டும் என்பதற்கான திசையைப் பெரும்பாலும் நீங்கள்தான் காட்டுகிறீர்கள், அவர் அதை எடுத்துக்கொள்கிறார். லீஜியனைக் கண்டால் உங்கள் பேச்சையே கேட்காத மனிதர் தன் வாழ்க்கை விஷயத்தில் மட்டும் இவ்வளவு சுலபமாகக் கேட்டுக்கொள்வது எனக்கு ஒட்டவில்லை. அந்த குவெஸ்ட் முடிந்த பிறகு அவரிடம் புதிதாகப் பேச ஒன்றும் மிஞ்சுவதும் இல்லை. ஆக என் தீர்ப்பு: ரகசியத்தைத் தொடங்கி வைப்பதில் பூன், அதை முடித்து வைப்பதில் ஷேடோஹார்ட். வரிக்கு வரி பார்த்தால் பூனுடைய எழுத்துதான் இறுக்கமானது.

எழுதும்போது

இப்படிப் பார்த்ததை எழுத உட்கார்ந்தால், பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடாதீர்கள், அதைப் பார்த்ததும் யாரும் மீதியைப் படிக்கமாட்டார்கள். ஒரே ஒரு கருத்து, அதற்கு ஒவ்வொரு கேமிலிருந்தும் ஒரே ஒரு காட்சி. அந்தக் காட்சியில் நீங்கள் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் படிப்பவர் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேறு காட்சியைப் பார்த்திருக்கலாம். வசனத்தை நீளமாக எடுத்துப் போடுவதைவிட அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன மாறியது என்று எழுதினால் விளையாடாதவருக்கும் புரியும். ரொமான்ஸைத் தனியாக வைத்துவிடுங்கள். காதலித்த கதாபாத்திரத்தைப் பற்றி யாராலும் நிதானமாக எழுத முடியாது, தவிர பல கேம்களில் அது தனி வழியில் எழுதப்பட்டிருக்கும். நட்பாக மட்டும் இருந்த ஒரு பிளேத்ரூவை வைத்து எழுதுவதே நல்லது.

அடுத்து எந்த ஜோடி என்று கேட்டால் டக்கானும் கிரேயாவும் என்பேன். டக்கானிடம் ஸெர்த்திமோனின் உடையாத வட்டம் என்ற கல் நூல் இருக்கிறது, வளையம் வளையமாகத் திறந்து அதிலிருந்து உங்களுக்குப் பாடம் சொல்கிறார், ஒரு கட்டத்தில் சீடன் குருவுக்கே பொருள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நூல் எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும்போது, அவர் இத்தனை நாள் உங்களிடம் ‘மாட்டேன்’ என்று ஏன் சொல்லவில்லை என்பதும் தெரியும், கிரேயாவோ முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிளேன்ஸ்கேப் தொடங்கும்போது கதாபாத்திரத்துக்கு விஸ்டமும் இன்டெலிஜென்ஸும் தாராளமாகப் போடுங்கள். வாள் வீச்சுக்குப் புள்ளிகளைக் கொட்டிவிட்டால் டக்கானோடு நடக்கும் அந்த உரையாடல்களில் பெரும்பகுதி திறக்கவே திறக்காது.